முதலில் சாவு, அப்புறம் வானிலை

1

தூசி சூடாகிற வாசனை ஒன்று இருக்கிறது. பழைய ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து, சிவப்பு விளக்கு எரிந்து, உள்ளே எதுவோ முனக ஆரம்பிக்கும்போது மூக்கில் வந்து உட்காரும். லேசாகக் கருகினதும் லேசாக இனிப்பதுமான வாசனை. நியூஜெர்சியில் ஒரு கல்லூரியின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத ரேடியோ ஸ்டுடியோவில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதை முகர்கிறேன். முகர்ந்த மாத்திரத்தில் நான் உடுமலைப்பேட்டையில் இருக்கிறேன். சித்தப்பாவின் ஆட்டோவில், இரண்டு குழாய் ஸ்பீக்கர்களுக்குக் கீழே, மடியில் ஆம்ப்ளிஃபயரைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு தளி ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறேன்.

சித்தப்பாதான் ஊருக்குக் குரல். புதுப்படம் வந்தாலும் அவர்தான், ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி என்றாலும் அவர்தான், யாராவது செத்துப்போனாலும் அவர்தான். காலையில் "இன்று முதல் தினசரி நான்கு காட்சிகள்!" என்று துள்ளிய அதே தொண்டை, மதியம் "அன்னாரின் இறுதி ஊர்வலம் இன்று மாலை நான்கு மணியளவில்" என்று இறங்கி வரும். அவசர நாட்களில் துள்ளலும் இறக்கமும் இடம் மாறிப்போவதுண்டு. செத்தவர் வீட்டார்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. கூட்டம் அதிகமாக வந்தது என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு.

இந்த வாசனையைக் கிளப்பிக்கொண்டு நான் இங்கே என்ன செய்கிறேன் என்றால், அயர்லாந்துக்காரர்களின் மரண அறிவிப்புகளை வாசிக்கிறேன். சரியாகத்தான் படித்தீர்கள். பிரிட்ஜ்வாட்டரில் வீடு, மருந்துக் கம்பெனியில் தரச் சோதனை வேலை, மாதம் ஒருமுறை கோயில் மடப்பள்ளியில் புளியோதரைக்குக் கைகொடுப்பது, இதற்கெல்லாம் நடுவே ஞாயிறு ஒன்பது மணிக்கு ஐரிஷ் நேரம், பத்து மணிக்குத் தமிழ் நேரம். இரண்டுக்கும் ஒரே வாய்.

எல்லாம் ப்ரீடாவால் வந்தது. ப்ரீடா போய்ப் போன வாரத்தோடு ஒரு வருஷம். போய் என்றால் ஊருக்குப் போய். பதறாதீர்கள், ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள்.

2

ப்ரீடா என்னைவிட இருபது வயது பெரியவள். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், யாரோ தாசில்தாரைப் பற்றி எழுதுவதுபோல இருந்தது. அவள் என்றே இருக்கட்டும். அவள் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் காதுக்குள் அது எந்தத் தமிழாக விழுந்ததோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மழை பெய்யாத நாளைக் கல்யாண நாள் மாதிரி நினைவு வைத்திருக்கும் ஒரு சின்ன ஊர் அவளுடையது. அங்கே ஒரு மளிகைக்கடை மாடியில், லைசென்ஸ் எதுவும் இல்லாமல், ஒரு திருட்டு ரேடியோ நடந்தது. கோட்டு மாட்டும் கம்பியை ஏரியலாக வைத்து ஆரம்பித்தார்கள் என்பாள். அதில் இருபது வயது ப்ரீடாவுக்குக் கிடைத்த வேலை, தினமும் காலையில் மரண அறிவிப்பு வாசிப்பது. அந்த ஊர்ப்பக்கம் அது ஒரு வழக்கம். இன்னார் இறந்தார், இன்ன வீட்டுக்காரர், எப்போது அடக்கம் என்று ரேடியோ சொல்ல வேண்டும். ரேடியோ சொல்லும்வரை ஆள் முழுசாகச் சாகவில்லை என்று அர்த்தம்.

பிறகு தலைநகரத்துப் பெரிய வானொலிக்குப் போனாள். முதியவர்களைப் பேட்டி எடுக்கும் வேலை. அங்கேதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. கேள்வி கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

"மைக்கை நீட்டி, பாட்டி உங்க வாழ்க்கையைச் சொல்லுங்கன்னா, பாஸ்போர்ட் ஆபீஸ்ல நிக்கிற மாதிரி ஆயிடுவாங்க வாஸ்" என்பாள். வசந்தியை அவள் வாஸ் ஆக்கியிருந்தாள். "ஆனா நீ ஒரு தப்பு விடு. ஒரே ஒரு தப்பு. வாயை மூடவே மாட்டாங்க."

ஒருநாள் நிஜமாகவே தப்பு விட்டிருக்கிறாள். இறந்துபோன ஒரு அம்மாளை, அமெரிக்காவில் ஒரு பணக்கார வீட்டில் சமையல் செய்தவர் என்று வாசித்துவிட்டாள். உடனே போன். சமையலா? அவள் தையல்காரி! அடுத்த போன்: தையலும் இல்லை, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவள், தையல் அவள் தங்கை. அதற்கடுத்த போன் அந்தத் தங்கையே. சாயங்காலத்துக்குள், எவரும் எங்கும் எழுதி வைக்காத ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை ப்ரீடாவின் கையில் இருந்தது.

அன்றிலிருந்து அவள் வேண்டுமென்றே தப்பு விட ஆரம்பித்தாள். கவனமாக, அளவாக, யாருக்கும் வலிக்காத தப்பு. குதிரையின் நிறத்தை மாற்றிச் சொல்வது. கப்பல் ஏறிய துறைமுகத்தை மாற்றிச் சொல்வது. போன்கள் வரும். அந்தத் திருத்தங்களையெல்லாம் சேர்த்துத்தான் அவள் சரித்திரம் எழுதினாள். வீட்டுவேலைக்காகக் கடல் தாண்டி வந்த பெண்களைப் பற்றிய முதல் புத்தகத்துக்குத் தகவல் தேடி நியூஜெர்சிக்கு வந்தவள் இங்கேயே தங்கி, கல்லூரி ரேடியோவில் என் தமிழ் நேரத்துக்கு முந்தின ஐரிஷ் நேரத்தை நடத்த ஆரம்பித்தாள். அடுத்த புத்தகம் எங்கள் பக்கத்துக் கால்வாயை வெட்டிய ஐரிஷ்காரர்களைப் பற்றி. நான் சனிக்கிழமைகளில் நடைபோகும் கால்வாய் அது. இத்தனை வருஷம் அதன் ஓரமாக நடந்து கலோரி எரித்திருக்கிறேனே தவிர, அதை யார் தோண்டினார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவள் சொன்ன சூத்திரத்தைச் சோதித்துப் பார்த்தேன். எங்கள் தமிழ் வாட்ஸப் குழுவில், யாருக்காவது நல்ல பல் டாக்டர் தெரியுமா என்று கேட்டால் மூன்று நாள் மௌனம். கோயில் அபிஷேக நேரத்தை அரை மணி தப்பாகப் போட்டேன். குழு தீப்பிடித்தது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருக்கும் ஒருவர்கூட வந்து திருத்தினார். அவருக்கும் எங்கள் கோயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

3

ப்ரீடாவுக்கு ஊரில் ஒரு தங்கை, நூலா. தனியாக இருந்தவள், பனியில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். வா, வந்து என்னோடு இரு, இருக்கிற கொஞ்ச காலம் சண்டை போட்டுக்கொண்டாவது இருப்போம் என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ப்ரீடாவுக்கும் போக ஆசை. போக முடியவில்லை. ஐரிஷ் நேரத்தை யாரிடம் விட்டுப் போவது?

அதைக் கேட்பவர்கள் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்கள், நர்ஸ்கள், ஆயா வேலை பார்த்த அம்மாக்கள். தனித்தனி அபார்ட்மென்ட்களில், தனித்தனி ஹீட்டர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். பிள்ளைகள் டெக்சாஸில் இருக்கிறார்கள், கலிபோர்னியாவில் இருக்கிறார்கள். (சிரிக்காதீர்கள், நம் பிள்ளைகளும் அங்கேதான் போகப் போகிறார்கள்.) இங்கேயும் ஊரிலும் யார் போனார்கள் என்று அவர்களுக்குச் சொல்வது அந்த ஒரு மணி நேரம்தான். சொன்னால் கோட்டை மாட்டிக்கொண்டு சாவுக்குக் கிளம்புவார்கள். அங்கே நாலு பேரைப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் யாரும் யாரையும் பார்க்கப்போவதில்லை.

கல்லூரி தெளிவாகச் சொல்லிவிட்டது. கோடை முடிவதற்குள் வேறு ஆள் வரவில்லையென்றால் அந்த நேரத்தில் பதிவு செய்த இசை ஓடும். ப்ரீடா தெரிந்த ஐரிஷ் இளசுகளையெல்லாம் கேட்டுப் பார்த்தாள். பாட்காஸ்ட் வேண்டுமானால் பண்ணுகிறோம் என்றார்கள்.

"பாட்காஸ்ட்ல சாவு வாசிச்சா, புதைச்சு ஒரு வாரம் கழிச்சுக் கேப்பாங்க" என்று ப்ரீடா பொரிந்தாள். அன்று அவள் நேரம் முடிந்து, என் தமிழ் நேரம் தொடங்க இரண்டு நிமிஷம் இருந்தது. ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"நான் வாசிக்கட்டுமா?"

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் செந்தில் தோசைக்கரண்டியோடு திரும்பினார்.

"ஏம்புள்ள, நம்மூர்ல ஒரு எழவுக்குப் போகோணும்னா நாள் பார்ப்பே, கெழமை பார்ப்பே. வாராவாரம் மைக் போட்டு வாசிக்கப் போறியா?"

"ஏனுங், அது சேவைங்க."

"சேவை வேணும்னா மடப்பள்ளியில வடை தட்டு. ஐரிஷ்காரன் செத்தா உனக்கென்ன பங்காளி முறையா?"

மகள் யாழினி போனிலிருந்து கண்ணை எடுத்தாள். பதினாறு வயதுக்காரி கண்ணை எடுப்பது எங்கள் வீட்டில் சூரிய கிரகணம் மாதிரி.

"வெயிட், அம்மா இஸ் கோயிங் டு பி த ஐரிஷ் லேடி? தட்ஸ் அன்ஹின்ஜ்ட். ஐ லவ் இட்."

பைத்தியக்காரத்தனமாம், பிடித்திருக்கிறதாம். என் தமிழ் நேரத்தை ஒரு ஞாயிறும் கேட்காத பெண்.

அடுத்தது விண்ணப்பம். விசா, கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் என்று இந்த நாட்டில் நான் நிரப்பாத கட்டம் கிடையாது என்று நினைத்திருந்தேன். கல்லூரி புதிதாக ஒரு கட்டம் வைத்திருந்தது: நீங்கள் நடத்தப்போகும் நிகழ்ச்சியின் சமூகத்தோடு உங்களுக்கு என்ன பண்பாட்டுத் தொடர்பு? பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். ப்ரீடா எட்டிப் பார்த்தாள்.

"எழுது: எங்களையும் இங்கிலீஷ்காரன்தான் ஆண்டான்."

எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: ஒரு ஞாயிறு நடத்திக் காட்ட வேண்டும், கேட்பவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

4

அந்த ஞாயிறு நான் ஸ்டுடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், மைக் முன்னால். ப்ரீடா அந்தப் பக்கம், பட்டன்களின் முன்னால். அவள் ஒரு பட்டனை அழுத்திப் பேசினால் என் ஹெட்போனில் மட்டும் கேட்கும். பேச மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாள்.

முதல் நாள் இரவே நிகழ்ச்சியை அழகாக அடுக்கியிருந்தேன். பிறந்தநாள் வாழ்த்து, ஒரு பிடில் பாட்டு, ஒரு கல்யாணச் செய்தி, வானிலை, இன்னொரு பாட்டு. எல்லாம் ஆன பிறகு, கடைசியாக, மரணம். வேறு எப்படி? முதல் நிகழ்ச்சி, காலை நேரம், கோயிலுக்குப் போய்த் திருநீறு வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். வாயைத் திறந்ததும் செத்தவர் பெயரைச் சொல்ல என் நாக்கு வளையுமா? நம் வீட்டில் யாரும் வளைய விடுவார்களா?

பிறந்தநாள் வாசித்தேன். ஒரு போன் விளக்கு மின்னியது. பாட்டு போட்டேன். எல்லா விளக்குகளும் மின்னின. ஆகா, பிடித்துவிட்டது என்று பூரித்துப்போனேன். கண்ணாடிக்கு அப்பால் ப்ரீடா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கல்யாணச் செய்தி வாசித்தபோது விளக்குகள் வெறிபிடித்த மாதிரி துடித்தன. வானிலையையும் சொல்லிவிட்டு, சரியென்று ஒன்றை நேரலையில் எடுத்தேன். ஷேமஸ் என்று ஒருவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"ஏம்மா, இந்த வாரம் யாருமே சாகலையா?"

"செத்திருக்காங்க சார். கடைசியில வாசிப்பேன்."

"கடைசியிலயா? கடைசி வரைக்கும் நான் இருப்பேன்னு உனக்கு யாரு சொன்னா?"

ஹெட்போனில் ப்ரீடா மூச்சு வாங்கும் சத்தம். பட்டனில் சாய்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

"இல்ல சார், எங்க வழக்கத்துல, ஆரம்பத்துலயே அதைச் சொன்னா..."

"எங்க வழக்கத்துல முதல்ல சாவு, அப்புறம் வானிலை. யாரு போயிட்டாங்கன்னு தெரிஞ்சாத்தானேம்மா மழை வருமா வராதான்னு கேக்கணும்? இப்ப எனக்கு மழை வரும்னு தெரியும். யாருக்காக நனையணும்னு தெரியாது."

அடுத்த பாட்டைத் தள்ளி வைத்தேன். தாளை எடுத்தேன். முதல் பெயரைச் சொல்லி, நம் ஊர் ஆங்கிலத்தில் பழகின வாக்கில், "எக்ஸ்பயர்டு" என்று வாசித்தேன். உடனே ஒரு அம்மாள்:

"கண்ணு, எக்ஸ்பயர் ஆறது பாலு. பேட்ரிக் செத்துப்போனான்."

இந்த அமளியில் தமிழ் நேரத்துக்காக முன்கூட்டியே ரேடியோவைத் திருகிய கோமதி ஆன்ட்டி வேறு லைனில் வந்துவிட்டார்.

"வசந்தி, என்னடி இது? நல்ல ஞாயித்துக்கிழமையும் அதுவுமா காபி டம்ளரோட உக்காந்தா, நீ எழவு வாசிச்சிண்டிருக்கே? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஆன்ட்டி, ஆன் ஏர்ல இருக்கேன்."

"நானுந்தான் இருக்கேன் போலிருக்கே. பாவம், யாரு போனது? வயசானவரா?"

"எண்பத்தெட்டு, ஆன்ட்டி."

"சரி, சரி. கல்யாணச் சாவு. நீ வாசி."

வயிற்றுக்குள் சிரிப்பு ஒரு உருண்டையாகத் திரண்டு வந்தது. சிரித்தால் தொலைந்தேன், சாவுச் செய்தி. கண்ணை இடுக்கித் தாளில் அடுத்த அறிவிப்பையே பார்த்தேன். அப்போதுதான் வரிகள் உறைத்தன. இன்னாருடைய மனைவி. இன்னின்னாருடைய தாய். இன்னாருடைய நாத்தி. இன்ன ஊரில் இன்ன வீட்டுக்காரர். அட, இது எனக்குத் தெரிந்த பாட்டல்லவா? தளி ரோட்டில் ஆட்டோ ஊர்ந்துபோக, இன்னாரின் துணைவியாரும், இன்னாரின் தாயாரும், இன்னாரின் மாமியாருமாகிய என்று ஒவ்வொரு உறவாக இறங்கி இறங்கி, கடைசியில் பெயரை மெதுவாகத் தரையில் வைப்பாரே சித்தப்பா, அதே படிக்கட்டு. என் குரல் தானாக இறங்கிற்று. ஒவ்வொரு உறவுக்கும் ஒரு மூச்சு விட்டேன். நியூஜெர்சியின் கீழ்த்தளத்தில், கொங்குநாட்டு மைக்செட் ராகத்தில், ஒரு அயர்லாந்துக் கிழவியைத் தரையில் இறக்கி வைத்தேன்.

விளக்குகள் எல்லாம் அணைந்தன. ஒழிந்தது என்று நினைத்தேன்.

பிறகு ஒன்று மின்னியது. இறந்தவர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தவர் என்று தாளில் இருந்தது. கூப்பிட்ட அம்மாள், "துப்புரவா? அந்த ஆஸ்பத்திரி லாண்டரியையே அவதான் நடத்தினா. என்னை வேலைக்கு வெச்சதே அவதான். ஊர்லேர்ந்து வந்த எங்க நாலு பேருக்கும் முதல் குளிர்காலக் கோட்டு அவ வாங்கித் தந்தது" என்று ஆரம்பித்தார். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தக் கோட்டின் நிறம், பொத்தான், அதைப் போட்டுக்கொண்டு போன முதல் நடனம், அங்கே சந்தித்த ஆள், அவர் சரியான குடிகாரர் என்பது வரை வந்தது. அடுத்தவர் வந்து கோட்டின் நிறத்தைத் திருத்தினார். கண்ணாடிக்கு அப்பால் ப்ரீடா எழுதிக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி எழுதினாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. எனக்கும் என்னுடையது என்னவென்று தெரியவில்லை.

முடிகிற நேரத்தில் மறுபடி ஷேமஸ்.

"நீ சத்தமா வாசிக்கிற. காது கேக்குது. முன்னாடி இருந்தவ முணுமுணுப்பா."

"நான் இங்கதான் இருக்கேன் ஷேமஸ்!" என்று ப்ரீடா கண்ணாடிக்கு அப்பால் கத்தியது அவருக்குக் கேட்க வழியில்லை.

"அடுத்த வாரம் முதல்லயே வாசிச்சிடு, என்ன?" என்றார் ஷேமஸ்.

அடுத்த வாரம். அந்த இரண்டு வார்த்தை போதும், ப்ரீடா இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"நாப்பது வருஷமாத் தப்பு விடறேன் வாஸ்" என்றாள் பிறகு. "சாவைக் கடைசியில வைக்கிற தப்பு எனக்குத் தோணவே இல்லை பாரு!"

அன்று மத்தியானமே டிக்கெட் போட்டாள்.

5

விடைபெறுவதில் ஐரிஷ்காரர்களும் நம் ஜாதிதான். கடைசியாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த ப்ரீடா, சரி கிளம்புகிறேன் என்று சோபாவில் சொன்னாள், செருப்பு மாட்டும்போது சொன்னாள், வாசலில் நின்று நூலாவின் மூன்று நாய்களைப் பற்றிச் சொன்னாள், கார் ஜன்னலை இறக்கி அந்த நாய்களில் ஒன்று உண்மையில் பக்கத்து வீட்டுடையது என்றாள். செந்தில் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, "இவங்கள உடுமலையில விட்டாலும் பொழச்சுக்குவாங்க" என்றார்.

அவள் புறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விமானம் சாயங்காலம்தான். ஆனால் காலையிலேயே நெவார்க் ஏர்போர்ட்டில் போய் உட்கார வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதிலும் நம் ஜாதி. செந்தில் காரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. யாழினியும் கூடப் போகிறேன் என்றாள். ஞாயிறு காலையில், தானாக, பல் தேய்த்து.

போகிற வழியில் ஸ்டுடியோவில் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள் ப்ரீடா. எனக்குத் தெரியாது. மணி ஒன்பது. நான் மைக்கைத் திறந்து, வணக்கம் சொல்லி, முதலில் மரண அறிவிப்புகள் என்று ஆரம்பித்துவிட்டேன். அந்த வாரம் நிறையப் பேர். இரண்டாவது பெயரில் இருக்கும்போது கண்ணாடிக்கு அப்பால் கதவு திறந்தது. பச்சைக் கோட்டு. கழுத்தில் யாழினி கட்டிவிட்ட என்னுடைய சின்னாளப்பட்டுத் துப்பட்டா. பின்னால் சூட்கேஸைப் பிடித்துக்கொண்டு யாழினி.

நான் பேச முடியாது. எழுந்து போக முடியாது. அறிவிப்பை நடுவில் நிறுத்தினால் எத்தனை அபார்ட்மென்ட்களில் எத்தனை பேர் ரேடியோவைத் தட்டுவார்கள். இன்னாரின் மனைவி, என்று வாசித்தேன். ப்ரீடா கண்ணாடியருகே வந்தாள். இன்னாரின் தாய். கண்ணாடியில் மூக்கை அழுத்திச் சப்பையாக்கினாள். இன்னாரின் நாத்தி. துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டு கும்பிட்டாள், பிறகு இடுப்பில் கைவைத்து ஒரு ஆட்டம் போட்டாள், யாழினி சூட்கேஸ் மேலேயே சரிந்து சிரித்தாள். எனக்கு விலா வலித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு பெயரை இறக்கி வைத்தேன். வெளியே செந்தில் ஹாரன் அடிப்பது சுவர் வழியாக மெல்லக் கேட்டது.

ஆட்டத்தை நிறுத்தினாள். சும்மா நின்று பார்த்தாள். நானும் பார்த்தேன். தாளில் இருந்த எழுத்துகள் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்துகொண்டிருந்தன. என் வாய் நின்றுவிட்டது. ரேடியோவில் மௌனம். ஒரு நொடி, இன்னொரு நொடி.

ப்ரீடா குனிந்து பட்டனை அழுத்தினாள். ஹெட்போனுக்குள், என் காதுக்கு மட்டும்:

"என்னைப் பாக்காதே வாஸ். அடுத்த பேரை வாசி."